வார்டன் வீட்டைப் பூட்டுவதற்கு முன்: எங்கள் விடுதியின் அறங்காவலர் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர் சபைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

விடுதி வாசல் பலகையில் நீங்கள் ஒட்டுவித்த ஒரு பக்க அறிவித்தல் பற்றியே இந்த மடல். தை மாதத்திலிருந்து வார்டன் பதவி கிடையாது. வாசலில் காவல் நிறுவனம் ஒன்றின் ஆள் நிற்பார், உள்ளே போக விரல் அடையாள இயந்திரம். மெஸ் மூடப்படும். சாப்பாட்டு மண்டபமும் வாசிப்பறையும் தடுப்புச் சுவர் வைத்து அறைகளாக்கப்படும், அறைக் கதவில் அன்பளிப்பாளரின் பெயர் இருக்கும். மாணவர் குழு "தேவை இல்லாதபடியால்" கலைக்கப்படுகிறது. மாதம் 5ஆம் திகதிக்குள் வங்கியில் காசு கட்டாதவர்களின் விரல் பதிவு செயலிழக்கும். கடைசி வரியில், களஞ்சிய அறையில் கிடக்கும் "பழைய கடதாசிகள்" அகற்றப்படும் என்றும் இருக்கிறது. இவ்வளவையும் யாரிடமாவது கேட்டு முடிவெடுத்ததாக அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. அதனால் எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கும் அங்கே இருந்தவர்களுக்கும் தெரியும். மற்றவர்கள், யாழ்ப்பாணத்தில் கம்பஸ் (பல்கலைக்கழக) பிள்ளைகளுக்கென்று ஊரார் காசிலும் வெளியூரிலிருந்து வந்த காசிலும் எழும்பிய ஒரு தனியார் விடுதி என்று வைத்துக்கொண்டால் போதும். நான் 1991 முதல் 1995 வரை அங்கே இருந்தவன். கடைசி ஆண்டில் மாணவர் குழுச் செயலாளர். இப்போது கொக்குவிலில் இருந்து பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன்.

கட்டில் வாடகைக்குக் கொடுப்பது வேறு, மாணவர் விடுதி நடத்துவது வேறு. கட்டில் கொடுக்கத் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் எங்கும் வீடுகள் இருக்கின்றன. "கம்பஸ் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு" என்று மதிலில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் நெடுங்காலமாகச் செய்கிறார்கள், உங்களைவிட நன்றாகவும் செய்வார்கள். அதற்கு ஒரு தருமசாதன உறுதியும் (அறக்கட்டளைப் பத்திரமும்) சபையும் தலைவரும் தேவையில்லை.

விடுதி எப்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது என்பது இப்போதைய உறுப்பினர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் கொழும்பிலும் இருக்கிறீர்கள். அது குற்றமில்லை. ஆனால் கலைப்பதற்கு முன் எதைக் கலைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேற்றைத் தாண்டியதும் இடது பக்கம் இருக்கும் சின்ன வீடுதான் வார்டன் வீடு. வார்டன் கம்பஸில் படிப்பிக்கிற ஒருவராக இருக்க வேண்டும், குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை, அவ்வளவுதான். அவருக்குக் கீழே மாடிக்கு ஒருவராக இரண்டு உப வார்டன்கள். பெரும்பாலும் உதவி விரிவுரையாளர்கள், கலியாணம் முடிக்காத ஆட்கள். காய்ச்சலோ தந்தியோ சண்டையோ, பிள்ளை முதலில் போய்த் தட்டுவது உப வார்டனின் கதவைத்தான். அவரால் முடியாததுதான் கீழே வரும்.

அறை ஒதுக்கீடு வார்டனின் கையில் இருந்தது. ஓர் அறைக்கு மூன்று பேர். மூவரும் ஒரே ஊராக இருக்கக் கூடாது, ஒரே பீடமாகவும் இருக்கக் கூடாது. என்னோடு ஒரு மருத்துவ பீடத்து மன்னார்க்காரனும் கலைப் பீடத்து மூதூர்க்காரனும் இருந்தார்கள். பட்டியல் ஒட்டிய அன்று வார்டன் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். "சேர், நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே அறையில் விடுங்கோ." அவர் சொல்வது எல்லா வருடமும் ஒன்றுதான்: "ஒரு தவணை இருந்து பாரும் தம்பி, பிறகு கதைப்பம்." தவணை முடிந்து மறுபடி கேட்கப் போனவர்கள் மிகக் குறைவு.

மாணவர் குழு வருடத்துக்கு ஒரு முறை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவாகும். தலைவர், செயலாளர், பொருளாளர், பீடத்துக்கு ஒரு பிரதிநிதி. கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தி, ஏற்ற பிறகுதான் மற்ற அலுவல். இன்றைக்கு இந்தக் குடாநாட்டில் சங்கம், சனசமூக நிலையம், கோயில் சபை நடத்துகிற எத்தனையோ பேருக்கு நிகழ்ச்சிக் குறிப்பு எழுதப் பழக்கியது அந்த மண்டபம்தான்.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியம் மெஸ். வார்டன் இல்லாமல் விடுதி சில மாதம் தள்ளிக்கொண்டு போகும். மெஸ் இல்லாவிட்டால் ஒரு கிழமையில் அது லொட்ஜ் ஆகிவிடும்.

மெஸ் செயலாளர் மாதத்துக்கு ஒருவர், முறை வைத்து. ஒருவரும் தப்ப முடியாது. சாப்பாட்டு மண்டப வாசலில் மேசையில் நூல் கட்டித் தொங்குகிற பென்சிலோடு ஒரு நீட்டுக் கொப்பி இருக்கும். பெயருக்கு நேரே காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். நாளைக்குச் சாப்பிடுகிறவர்கள் இன்று இரவு எட்டு மணிக்குள் சரி போட வேண்டும். போடாவிட்டால் உமக்கு அரிசி போடப்படாது. மாத முடிவில் சந்தைச் செலவு, விறகு, சமையல் அண்ணையின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, மொத்தச் சரிகளால் வகுத்தால் ஒரு நேரச் சாப்பாட்டின் விலை வரும். அதை உமது சரிகளால் பெருக்கினால் உமது கணக்கு. செயலாளர் ஒரு பீடம் என்றால் கணக்குப் பார்ப்பவர் வேறு பீடம். யார் வேண்டுமானாலும் கொப்பியைப் புரட்டிப் பார்க்கலாம், பார்த்தார்கள். பின் பக்கங்களில் முறைப்பாடு எழுதலாம். "சொதி தண்ணியாக இருக்கிறது" என்று ஒருவர் எழுத, கீழே செயலாளர் "தேங்காய் விலை கேட்டுப் பாரும்" என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே மூன்றாமவர், "தேங்காய் வாங்கப் போனவர் சைக்கிளில் சினிமாப் பக்கம் போனதைக் கண்டேன்." இப்படிப் பக்கம் பக்கமாக.

கொப்பியின் கடைசிக் கட்டத்தின் தலைப்பு "பிறகு". அதில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். வீட்டிலிருந்து காசு வராதவர்களின் கணக்கு அது. எந்த இலக்கம் யார் என்பது வார்டனுக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியும். மூதூரிலிருந்து மாதக்கணக்கில் கடிதமே வராத காலத்தில் என் அறைத் தோழன் ஒரு நேரச் சாப்பாட்டையும் விடவில்லை. அவன் "பிறகு"வில் இருந்தது அவன் வேலை எடுத்து, கடைசிச் சதத்தையும் கட்டி, தானாகச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். கட்டாமல் போனவர்களும் உண்டு. குழு கேட்கவில்லை. அந்தக் கட்டத்தை வைத்திருந்த விடுதியில்தான் இனி 6ஆம் திகதி காலையில் காசு பிந்திய பிள்ளை வாசலில் நின்று இயந்திரத்தில் விரலை வைத்து வைத்து எடுக்கப் போகிறான், பின்னால் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க.

நான் இருந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று உங்களில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போரால் 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை. பற்றறிக்குத் தடை, சவர்க்காரம் கிடைத்தால் அன்று பெருநாள். வெளி மாவட்டப் பிள்ளைகள் கிளாலிக் கடலைப் படகில் இரவில் கடந்து வந்து சேர்ந்தார்கள். வாசிப்பறையில் மேசைக்கு ஒரு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், மூடியில் துளை போட்டுத் திரி. அதைச் சுற்றி நான்கு பேர். சோதினை கிட்டியவருக்கு வெளிச்சத்துக்குக் கிட்டிய கதிரை என்பது குழு எடுத்த தீர்மானம், கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அறைகளில் தனி விளக்கு வைக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. அவ்வளவு எண்ணெய் இல்லை. அதனால்தான் பொறியியலுக்குப் போகாமல் கணிதம் எடுத்த நான், பக்கத்தில் இருந்தவன் முணுமுணுத்ததால் மனிதனின் கைகால் எலும்புகளின் பெயரைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். கோதுமை மா இல்லாத மாதங்களில் ஒடியல் மா. குசினிக்குப் பின்னால் பங்கர் வெட்டியபோது மண் சுமக்கவும் முறைப் பட்டியல் இருந்தது. உப வார்டன்களின் பெயரும் அதில் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரும் சுற்றூர்களும் அடங்கிய வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்தல் வந்தபோது, ஊரில் வீடு இருந்த பிள்ளைகள் அவரவர் குடும்பத்தோடு போனார்கள். வீடு இல்லாத வெளி மாவட்டப் பிள்ளைகளை வார்டன் மண்டபத்தில் கூப்பிட்டுப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த வரிசைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு நடந்தார். மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற வீதியில் அடி வைக்க இடமில்லை. சைக்கிள் கரியரில் அவர் கட்டியிருந்தது தன் வீட்டுச் சாமானல்ல. உரப்பை ஒன்றுக்குள் பொலித்தீன் சுற்றிய விடுதிப் பதிவேடுகள், கூட்டக் குறிப்புகள், கடைசி மெஸ் கொப்பிகள். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்ததும் மறுபடி பெயர் வாசித்தார். ஒருவர் குறையவில்லை. காவல் நிறுவனத்து ஆள் நல்லவராகவே இருக்கட்டும். அப்படி ஓர் இரவு வந்தால் அவருக்கு ஷிப்ட் முடிந்திருக்கும்.

நீங்கள் அகற்றச் சொல்லும் "பழைய கடதாசிகள்" அவைதான்.

உறைவிடக் கல்லூரி என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆடம்பரம், இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று சபையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சரி, கொஞ்சம் பின்னுக்குப் போவோம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் ஆளுக்கு எவ்வளவு நெல் என்று அளந்து சொல்கிறது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் கோயிலோடு சேர்ந்த பள்ளியும் மாணவர் விடுதியும் 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலையும் (மருத்துவமனையும்) வருகின்றன. விடுதிப் பிள்ளைகள் சனிக்கிழமை தலைக்கு வைக்க எண்ணெய், இரவு விளக்குக்கு எண்ணெய், இதெல்லாம் அதில் கணக்கு. 11ஆம் நூற்றாண்டில் மெஸ் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கொப்பியைக் குப்பை லொறியில் ஏற்றப் போகிறோம்.

வெள்ளைக்காரனின் ஊரிலும் இது ஆடம்பரமாகத் தொடங்கவில்லை. பாரிசில் 1257இல் ரொபேர் டி சோர்போன் தொடங்கியது, தங்க வழியில்லாத ஏழை இறையியல் மாணவர்களுக்கான இல்லம். ஒக்ஸ்போர்டில் வோல்ரர் டி மேர்ட்டன் 1264இல் தன் கல்லூரிக்கு நிலமும் விதிகளும் எழுதிவைத்தார். அதன் தலைவர் இன்றும் வார்டன்தான். கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் 1284. பல்கலைக்கழகம் சோதினை வைக்கும், பட்டம் கொடுக்கும். கல்லூரி பிள்ளையைத் தங்கவைக்கும், சாப்பாடு போடும், அவனைக் கவனிக்க ஓர் ஆசிரியரை நியமிக்கும். இரண்டும் தனித்தனி அமைப்பு, தனித்தனிச் சொத்து. அந்த ஏற்பாடு எழுநூறு வருடத்துக்கு மேலாக நிற்பதற்குக் காரணம் கட்டடத்தின் அழகு மட்டுமாக இருக்க முடியாது.

எங்கள் ஊருக்கு வருவோம். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி உறைவிடப் பள்ளி. தானியேல் பூர் முதல் அதிபர். தமிழும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒரே வளாகத்தில் தங்கிப் படித்தார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கரின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டுகிற வழக்கம் இருந்தது. "கறல்" வந்த வழி அதுதான். உங்கள் திட்டத்தில் அன்பளிப்பாளரின் பெயர் அறைக் கதவோடு நிற்கிறது, அந்த வகையில் முன்னேற்றம்தான்.

அந்த செமினரி 1855இல் மூடப்பட்டது. பொஸ்ரனில் இருந்த மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் இங்கே வந்து பார்த்துப் போன கையோடு எடுக்கப்பட்ட முடிவு அது. தூரத்தில் இருந்தவர்களுக்கு அது அதிகச் செலவாகவும் நோக்கத்தை விட்டு விலகியதாகவும் தெரிந்தது. மூட ஒரு தீர்மானம் போதுமாயிருந்தது. பழைய மாணவர்களும் ஊரவரும் கேட்டுக் கேட்டு, அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்க 1872 ஆகிவிட்டது. நடுவில் 17 வருடம். இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

பேராதனைக் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்து, 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தபோது துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் திட்டத்தின் நடுவில் இருந்தவை உறைவிட மண்டபங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன், உப வார்டன்கள், மாணவர் சங்கம். அருணாசலம் பெயரில் ஒன்று, அவர் தமையன் இராமநாதன் பெயரில் ஒன்று. 1960களில் தாய்மொழியில் படித்தவர்கள் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகம் போகத் தொடங்க, ஒருவர் இருந்த அறையில் இருவரும் மூவரும் இருந்தார்கள். நெருக்கம்தான். ஆனாலும் மண்டபத்தை மூடவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கே மாணவர்களைச் சேர்த்துக் கூத்தை மேடையேற்றினாரே, மாலை ஐந்து மணிக்கு பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகளை வைத்து அது நடந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரியின் வளாகத்தில் 1974இல் யாழ்ப்பாண வளாகம் வந்தது. முதல் தலைவர் க. கைலாசபதி. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் அதே வித்தியானந்தன். இருவரும் பேராதனையைக் கண்டு வந்தவர்கள். ஆனால் இங்கே பிள்ளைகள் வந்த வேகத்துக்கு விடுதிகள் எழும்பவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஊரார் காசு சேர்த்து எங்கள் விடுதியைக் கட்டினார்கள். தருமசாதன உறுதியில் "மாணவர் சேர்ந்து வாழ்ந்து கற்பதற்காக" என்று இருக்கிறது. உங்கள் கையில் பிரதி இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இனி நீங்கள் சொல்லும் காரணங்கள். செலவு என்கிறீர்கள். வார்டனுக்குக் கொடுப்பது ஒரு வீட்டின் வாடகையை விட்டுக்கொடுப்பதுதான். காவல் நிறுவனத்துக்கு மாதா மாதம் காசு கட்ட வேண்டும், இயந்திரம் பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கூட்டிய கணக்கு எதையும் நான் காணவில்லை. இருந்தால் காட்டுங்கள், நான் கணக்கு வாத்தியார், பார்த்துச் சொல்கிறேன். மெஸ் சாப்பாட்டைப் பிள்ளைகளே விரும்பவில்லை, கடையில் சாப்பிடுகிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான். மெஸ்ஸைக் குழுவின் கையிலிருந்து எடுத்துக் குத்தகைக்குக் கொடுத்தீர்களே, அதற்குப் பிறகுதான் அது. கொப்பி போய்விட்டது, பின்பக்க முறைப்பாடும் போய்விட்டது. குத்தகைக்காரருக்கு யார் கணக்குக் கேட்பது?

இதில் வெளியில் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. நான் பேசிவிடுகிறேன். இந்த ஊரில் யாரோடு யார் ஒரு பந்தியில் இருந்து சாப்பிடுவது என்பது சும்மா விடயமில்லை. மிஷன் விடுதிகள் தொடங்கிய காலத்திலிருந்து சமையற்கட்டும் சாப்பாட்டு வாங்கும் (பெஞ்சும்) சாதிப் பிரச்சினையாக இருந்திருக்கின்றன. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமைக்கு எதிராக நின்றது, பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்துக்காக எத்தனை இழுபறி நடந்தது என்பதெல்லாம் வரலாறு. எங்கள் மெஸ்ஸில் வந்த வரிசைப்படி இருக்க வேண்டும், இடம் பிடித்து வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதன் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். இப்போது விடுதியில் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மலையகப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மண்டபத்தை அறைகளாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொருவனும் தன்னைப் போன்றவனோடு பார்சலை விரித்துச் சாப்பிடுவான். அப்படி நான்கு வருடம் இருந்துவிட்டுப் போவான்.

பகிடிவதை (ராகிங்) முறைப்பாடு ஒன்று வந்ததையும் காரணம் காட்டியிருக்கிறீர்கள். இதை நான் மழுப்ப மாட்டேன். விடுதிகளுக்குள் கொடுமை நடந்திருக்கிறது. 1975இல் பேராதனை இராமநாதன் மண்டபத்தில் பகிடிவதைக்குப் பயந்து மாடியிலிருந்து குதித்த மாணவி நடக்க முடியாமல் போனார். 1997இல் அதே பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். அதற்கடுத்த ஆண்டுதான் பகிடிவதையைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் வந்த முறைப்பாட்டை நானும் விசாரித்தேன். அது நடந்தபோது வார்டன் பதவி மாதக்கணக்கில் வெற்றிடம். வீடு பூட்டியிருந்தது. கண்காணிப்புக் கமரா விறாந்தையைப் பார்க்கும், அறைக்குள் பார்க்காது. நள்ளிரவில் ஓர் அறையில் சத்தம் கூடினால் செருப்புச் சத்தம் கேட்க ஒருவர் மாடிப்படி ஏறி வருவார் என்ற பயம்தான் எங்கள் காலத்துச் சீனியர்மாரை அடக்கியது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் அறைகளை வார்டன் வீட்டுப் பக்கமாகவே ஒதுக்கியதும் அதற்காகத்தான். வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, வெற்றிடத்தால் வந்த கேட்டைக் காட்டிப் பதவியையே ஒழிப்பது என்ன நியாயம்?

களஞ்சிய அறை பற்றி இன்னும் கொஞ்சம். செயலாளராக இருந்தபோது அந்தப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தியவர்களில் நானும் ஒருவன். 1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு ஊர் திரும்பிய நாட்களில், போக்கிடம் தெரியும்வரை இங்கே தங்கவைத்தவர்களின் பெயர்கள் தனித் தாளில் ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்தியப் படையோடு சண்டை நடந்த 1987 ஒக்ரோபரில் சில கிழமைகளுக்கு வெறும் திகதிகள், எழுத்து இல்லை. இறந்த, காணாமற்போன மாணவர்களின் பெயருக்கு நேரே வார்டன் சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருக்கிறார். சில பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையின் கையெழுத்து வேறெங்கும் இல்லை. இந்த ஊர் ஒரு நூலகம் எரிந்ததைக் கண்டது. மிச்சம் இருக்கிற தாளை நாங்களாகவே அகற்றுவதை எந்த வாயால் நியாயப்படுத்துவது?

ஆகவே சபையிடம் நான் கேட்பவை இவை. தடுப்புச் சுவர் வேலையை உடனே நிறுத்துங்கள். செங்கல் இறங்கிவிட்டது என்று கேள்வி, இறங்கிய கல் கிடக்கட்டும். வார்டன் பதவிக்குத் தை பிறப்பதற்கு முன் விண்ணப்பம் கோருங்கள். கம்பஸில் படிப்பிக்கிறவர், குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பவர் என்ற பழைய விதியோடு. அவருக்கு ஏதாவது கொடுப்பனவு வேண்டுமென்றால் பழைய மாணவர்கள் நாங்கள் சேர்த்துத் தருகிறோம், எழுத்தில் தரத் தயார். மெஸ்ஸைக் குத்தகையிலிருந்து எடுத்துத் தெரிவுசெய்யப்பட்ட மாணவர் குழுவிடம் திருப்பிக் கொடுங்கள், ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 5ஆம் திகதி விதியை இன்றே இரத்துச் செய்யுங்கள், அதற்குக் கூட்டம் கூட்டவும் தேவையில்லை. மாணவர் குழுவைக் கலைக்க உறுதியில் உங்களுக்கு அதிகாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தால் எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள். இல்லையென்றால் கலைத்ததை மீளப் பெறுங்கள். சபையில் மாணவர்களுக்கு இரண்டு இடமும் கொடுங்கள்.

பதிவேடுகளில் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது. நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகம் ஒன்றோடு கதைத்துப் படியெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இறந்தவர்களின், கடன்பட்டவர்களின் விபரம் உள்ள பக்கங்களை யார் பார்க்கலாம் என்பதை அவர்களின் குடும்பங்களோடு கலந்து முடிவெடுங்கள். மூலப் பிரதிகளை விடுதியிலேயே பூட்டு அலுமாரியில் வையுங்கள். அதுவரை களஞ்சிய அறைத் திறப்பை (சாவியை) உப வார்டனிடம் ஒப்படையுங்கள்.

கடைசி மூன்று ஆண்டுக் கணக்கை வாசல் பலகையில் ஒட்டுங்கள், அந்த அறிவித்தல் ஒட்டிய அதே பலகையில். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மண்டபத்தில், இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகளையும் பழையவர்களையும் வைத்துக் கூட்டம் வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கணினி வழியாக வரட்டும், ஆனால் தலைவர் நேரில் வர வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் திகதியை அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் உறுதியின் பிரதியோடு நாங்கள் சட்டத்தரணியிடம் போவோம்.

என் பெயரும் முகவரியும் சபைக்கு அனுப்பிய பிரதியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் குழுச் செயலாளர்,
கொக்குவில்.